உப்புப் பார்த்தவர்

ஹற்றனுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாக் குசினியில் இருபது ஆண்டுகள் வேலைசெய்து ஓய்ந்த முதியவர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் சந்திக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 1950-களின் நடுவில், பதின்மூன்று வயதில், விறகு சுமக்கவும் கோழி உரிக்கவுமாக அந்தக் குசினிக்குள் நுழைந்தவர் அவர். பின்னர் அப்புவின் கையாளாகி, அப்பு வேலையை விட்டுப் போனபின் அடுப்புக்கே பொறுப்பாளரானார். 1975-இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, பங்களாவின் கடைசி வெள்ளைத்துரை தம் நாட்டுக்குத் திரும்பினார். முதியவர் மலைக்குத் திரும்பினார். கரண்டி பிடித்த கையில் கவ்வாத்துக் கத்தி ஏறியது.

நாம் அவரிடம் கேட்கச் சென்றது 1973, 1974-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைப் பற்றி. கூப்பன் அரிசி குறைந்து, கோதுமை மாவும் அரிதாகி, லயங்களில் மனிதர்கள் பட்டினியால் மாண்ட ஆண்டுகள் அவை. அவர் பேசியதோ பிஸ்டேக்கைப் பற்றி. பஞ்சத்தைப் பற்றி ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தையில் விடை சொன்னவர், தக்காளிக் குழம்பில் மாட்டிறைச்சி வேகவைக்கும் முறையைக் கேளாமலே அரைமணி நேரம் விவரித்தார். முதலில் நமக்குச் சிறிது ஏமாற்றமாகவே இருந்தது. போகப்போக, அந்த மனிதர் தம் வாழ்வில் கற்ற ஒரே கலையைப் பற்றிப் பேசுகிறார் என்பது புரிந்தது.

தொடையிறைச்சியை விரல் கனத்துக்கு அரிந்து, மரச்சுத்தியலால் தட்டி, உப்பும் மிளகும் தடவி, மாவில் புரட்டிச் சூடான கொழுப்பில் இருபுறமும் சிவக்கவிட வேண்டும். அதை எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் வதக்கி, தோலுரித்த தக்காளியைப் பிசைந்து ஊற்றி, சட்டியின் அடியில் பிடித்ததையெல்லாம் சுரண்டிக் கலக்க வேண்டும். பிறகு இறைச்சியை அதனுள் புதைத்து, மூடி, தணலில் விட்டுவிட வேண்டும். ஒரிகானோ என்னும் இலையை உலர்த்திப் பேணியிலடைத்துக் கொழும்பிலிருந்து வரவழைப்பார்களாம். அது தீர்ந்துபோனால் பங்களாத் தோட்டத்தில் துரைசாணி நட்டிருந்த தைம் செடியிலிருந்து நான்கு காம்பு. “அவசரப்பட்டா தோல் செருப்பு மாதிரி ஆயிரும். மெதுவா வெந்தா விரலால பிச்சுக்கலாம்” என்றார்.

அவர் சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கின்றது. உழைத்த தசையில் கொலாஜன் என்னும் இழைப்பொருள் மிகுதி. அது நீண்ட நேரம் ஈரமான வெப்பத்தில் கிடந்தால்தான் கரைந்து பசையாகி இறைச்சியை நெகிழவைக்கும். தக்காளியின் புளிப்பு அதற்குத் துணைசெய்கின்றது. மலையிலோ இன்னொரு சிக்கல். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே கரையோரத்தில் வேகும் நேரத்தில் மலையில் இறைச்சி வேகாது. இதனை வெப்பமானி காட்டாமலே அறிந்திருந்தார் அம்முதியவர். “கொழும்புப் பொஸ்தகத்துல ரெண்டு மணின்னா நமக்கு ரெண்டரை” என்பது அவர் கணக்கு. தணலுக்குக் கவ்வாத்து வெட்டிய மிலாறுதான் சிறந்தது என்றும் சொன்னார். தேயிலைச் செடியின் கொழுந்து இலண்டனுக்குப் போயிற்று; அதன் குச்சி துரையின் இறைச்சியை வேகவைத்தது.

“நீங்கள் அதைச் சாப்பிட்டதுண்டா, பெரியவரே?” என்று கேட்டோம்.

“இல்லீங்க ஐயா. நம்ம வீட்ல மாட்டிறைச்சி ஆகாது.”

“அப்படியானால் உப்புப் பார்த்தது யார்?”

அவர் சிரித்தார். பேச்சை மாற்றி, மருமகளை அழைத்து நமக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. தான் உண்ணாததை, உண்ணக்கூடாது என்று நம்புவதைப் பிறருக்காகச் சமைக்கும் கை தூய்மையான கையா, தீட்டுப்பட்ட கையா? சமைத்தவனுக்கா பாவம், உண்டவனுக்கா? அறுத்தவனுக்கா, விற்றவனுக்கா? பாவம் என்ற சொல்லையே ஏற்காதவர்களும் இக்கேள்வியை வேறு சொற்களில் சந்தித்தே ஆகவேண்டும்: ஒரு செயலின் பொறுப்பு, அதிற் கைவைத்தவர்களுள் யாரிடம் போய்ச் சேர்கின்றது?

அந்த உணவின் பிறப்பிடத்தை முதலிற் பார்ப்போம். இத்தாலியின் தென்பகுதியில், நேப்பிள்ஸ் நகரில், இதனைக் ‘கார்னே அல்லா பிஸ்ஸாயோலா’ என்கிறார்கள். பிஸ்ஸா சுடுபவனின் பாணியில் செய்த இறைச்சி என்பது பொருள். உயர்ந்த இறைச்சிக்கு இந்தக் குழம்பு தேவையில்லை. தணலில் வாட்டினாலே போதும். கிழட்டு மாட்டின் முரட்டுத் துண்டை, வாங்கியது கொஞ்சமாயினும் குடும்பத்துக்கெல்லாம் எட்டும்படி, குழம்பில் ஊறவைத்து மென்மையாக்கும் வித்தை இது. ரொட்டியைத் தொட்டுக்கொள்ளக் குழம்பும் மிஞ்சும். எளியவர் அடுப்பின் சாமர்த்தியம் என்று இதனைச் சொல்லலாம்.

தக்காளியும் இத்தாலிக்கு அந்நியமானதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்தது அது. 1544-இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதைப் பற்றி எழுதினார். 1690-களில் நேப்பிள்ஸில் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் தக்காளிக் குழம்பின் செய்முறை ‘ஸ்பானிய முறை’ என்ற பெயரோடு இடம்பெற்றது. இன்று தக்காளியில்லாத இத்தாலியச் சமையலை எண்ணிப்பார்க்க முடியுமா? வந்தேறிய பயிர் நூறு இருநூறு ஆண்டுகளில் மண்ணின் பயிராகிவிடுகின்றது. அதே தக்காளி நம் மலைச் சரிவிலும், கரட்டுக்கும் லீக்ஸுக்கும் பக்கத்தில், எவ்விதத் தடையுமின்றி வளர்கின்றது. பாட்டனின் பிறப்பத்தாட்சியைக் காட்டு என்று 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டது தக்காளியிடம் அல்ல. அதற்கு மண் அணைத்துத் தண்ணீர் ஊற்றிய மனிதரிடம்!

மலைக்கு மாட்டிறைச்சிச் சமையல் வந்த வழியும் அறியத்தக்கதே. 1848-இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிட முனைந்தார். விதைகள், கலப்பைகள், குடியானவர்கள், உயர்சாதி மாடுகள் எல்லாம் கப்பலில் வந்தன. அவர் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த டர்ஹாம் பசு மலையேறும் வழியிலேயே இறந்துபோயிற்று. எனினும் அந்தக் கனவு இறக்கவில்லை. குளிரான இடத்தில் இங்கிலாந்தைப் போலவே உண்டு, உடுத்து, உறங்கவேண்டும் என்ற விருப்பத்திலிருந்துதான் பங்களாக்களும், 1876-இல் தொடங்கிய ஹில் கிளப்பும், அவற்றின் நீண்ட சாப்பாட்டு மேசைகளும் உருவாயின. மேசை இங்கிலாந்துடையது, அடுப்பை ஊதியவன் திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நடந்துவந்தவனின் பேரன்.

அடுப்புக்கு யாரை விடுவது என்பதிலும் சாதி புகுந்தது. சென்னைப் பட்டணத்தில் கம்பெனிக்காலத்து ஐரோப்பியர் வீடுகளின் சமையலும் எடுபிடி வேலையும் பெரும்பாலும் பறையர் கையில் இருந்தன. மாட்டிறைச்சியைத் தொட மற்றவர்கள் கூசினார்கள் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. அந்த வழக்கம் கடல் கடந்து மலைக்கும் வந்தது. வெள்ளைக்காரனுக்கு வசதி, உயர்சாதியினன் என்று தன்னை எண்ணிக்கொண்டவனுக்கு ஆசாரம் காப்பாற்றப்பட்ட நிம்மதி, இருவருக்கும் இடையில் ஒரு மனிதனின் கை.

நம் முதியவரின் குடும்பம் வேறொரு முடிவை எடுத்திருந்தது. தீண்டாமையின் அடையாளமாக ஊரார் சுட்டிக்காட்டிய அந்த உணவை, அவருடைய தந்தை காலத்திலேயே அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். உண்பதை விட்டால் ஊர் மதிக்கும் என்ற நம்பிக்கை. ஊர் மதித்ததா? பங்களாவில் மாட்டிறைச்சி சமைக்கிறவன் வீடு என்று சொல்லி அதே லயத்து அயலார் சிலர் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்களாம். மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். அவர் மனைவி வைக்கும் பொங்கலை எவரும் கைநீட்டி வாங்கமாட்டார்கள். அவர் கொடுத்த பணம் எந்தச் சம்பளத்திலிருந்து வந்தது? அந்த இறைச்சியைச் சமைத்த சம்பளத்திலிருந்துதானே! நாணயத்தில் தீட்டில்லை, கையில் மட்டும் தீட்டு. இந்தக் கணக்கை நம்மால் எவ்வளவு முயன்றும் சரிபார்க்க முடியவில்லை.

இது இன்று தோன்றிய கணக்கும் அன்று. பெரியபுராணம் பாடிய சேக்கிழார், ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனார் சிவன் கோயில்களுக்கு என்னென்ன அளித்தார் என்பதை மறைக்காமற் சொல்லுகிறார். பேரிகைக்குத் தோல், கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அருச்சனைக்குக் கோரோசனை. கோரோசனை மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுப்பது. செத்த மாட்டின் தோலும் நரம்பும் பித்தமும் கோபுர வாயிலைக் கடந்து கருவறைவரை போயின. அவற்றை உரித்துப் பதப்படுத்தித் தலையிற் சுமந்துவந்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். நமது மலையிலும் காமன் கூத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் தப்பு முழங்காமல் எதுவும் தொடங்குவதில்லை. தப்பு, தோல்.

இவ்வாறு சொல்வதால், புலால் மறுத்தல் என்ற அறத்தையே நாம் ஏளனம் செய்கிறோம் என்று வாசகர் கருதவேண்டியதில்லை. தமிழ் மரபில் அது மிக உயர்ந்த இடம் பெற்ற அறம். பண்டை வாழ்வு முழுவதும் மரக்கறி வாழ்வு என்பது பொய். பாலைநில மறவர் கொழுத்த ஆவைக் கொன்று தெய்வத்துக்குப் பலியிட்டு உண்டதை அகநானூறே காட்டுகின்றது. ஆயினும் அந்த வாழ்வுக்குள்ளிருந்தே ஒரு மறுப்புக்குரல் எழுந்தது என்பதில் நாம் பெருமைகொள்ள இடமுண்டு. வள்ளுவர் அந்த மறுப்பை எங்கே வைத்தார் என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். தின்பதற்காக வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்பது அவர் வாதம். அதாவது, இறைச்சிக்கடைக்காரனின் கத்திக்குப் பின்னால் வாங்குபவனின் வாயைக் காட்டினார். கொன்றது நானல்லவே என்று ஒதுங்கப் பார்ப்பவனை அவர் விடவில்லை.

இந்தத் தீவின் பௌத்த மரபில் வேறொரு நுட்பம் உண்டு. தனக்கென்று கொல்லப்பட்டதைக் கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், ஐயுற்றிருந்தாலும் பிக்கு அந்த இறைச்சியை ஏற்கக்கூடாது. இவை மூன்றும் இல்லையெனில் பாத்திரத்தில் விழுந்ததை உண்ணலாம். பிறர் இட்டதை மறுக்காமல் ஏற்கும் துறவிக்கு அது பொருத்தமான விதி. தேர்ந்தெடுக்க அவனுக்கு உரிமையில்லை. ஆனால் பணத்தைக் கையிற் பிடித்துக் கடை கடையாகத் தேர்ந்தெடுக்கும் இல்லறத்தான் அதே விதியின் நிழலில் ஒதுங்கும்போதுதான் சங்கடம். நமக்கென்று கொன்றதல்லவே என்று எல்லாரும் சொல்லிவிட்டால் அந்த மாடு யாருக்கென்றுதான் செத்தது?

இதற்கு நேரெதிராக, உயிரிரக்கம் எத்தகையது என்று அறிய விரும்பினால் மணிமேகலையின் ஆபுத்திரனைப் பார்க்கவேண்டும். பெற்றவள் கைவிட்ட குழந்தைக்கு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. அவன் வளர்ந்தபின், கொம்பில் மாலை சூட்டி வேள்விக்கென்று கட்டப்பட்ட பசுவொன்றைக் கண்டு, இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். பிடித்தார்கள், அடித்தார்கள், பிறப்பைச் சொல்லி இழித்தார்கள், ஊரைவிட்டு விரட்டினார்கள். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அவன் மதுரைக்குப் போய், இரந்த சோற்றைக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டி, மிஞ்சியதை உண்டான். மாட்டைக் காத்த அந்தக் கருணையின் விலையை அவனே கொடுத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறர் முதுகில் அவன் அதை ஏற்றவில்லை. மாட்டின்மேல் எழுந்த இரக்கம் மனிதப் பசியின்மேலும் தானாகவே படர்ந்தது.

ஓர் அறத்தை ஆராய இதைவிட எளிய உரைகல் நமக்குத் தெரியவில்லை. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? நான் உண்ணாமல் இருப்பதால் எனக்கு ஏதேனும் குறைந்தால் அது இரக்கம். நான் உண்ணாமல் இருப்பதால் எனக்கு மதிப்புக் கூடி, அறுப்பவனுக்கும் உரிப்பவனுக்கும் சமைப்பவனுக்கும் மதிப்புக் குறைந்தால் அதற்கு வேறு பெயர் தேடவேண்டும்.

முதியவரின் மனைவியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். அவ்வம்மையார் இப்போது இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில் அவர்கள் எப்போதும் ஒரு பசு வைத்திருந்தார்களாம். கொழுந்தெடுத்துவிட்டு இறங்கும்போது தலையில் புல்லுக்கட்டோடு வருவது மலையகப் பெண்களின் இரண்டாவது வேலை. அதற்குப் பேர் போடுவாரில்லை. பால் போத்தலில் ஊற்றி விற்பனைக்குப் போகும். வீட்டார் குடிப்பது வெறுந்தேத்தண்ணி. பசு ஆண்கன்று ஈன்றால் என்ன செய்வது? செங்குத்தான தேயிலைச் சரிவில் ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. காளைக்கு அங்கே வேலையே கிடையாது. சில மாதங்களில் மாட்டு வியாபாரி வருவான். கயிற்றை அவிழ்த்துக் கொடுப்பது கணவரின் வேலை. மனைவி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பணத்தை எண்ணிப் பார்க்கமாட்டார். அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வந்தன. மாட்டுப்பொங்கலன்று தாய்ப்பசுவின் நெற்றியில் பொட்டு வைக்கும்போது அவர் அழுவதுண்டு என்றார் முதியவர்.

இதைப் போலித்தனம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்தப் பெண்மணி சாத்திய கதவு தன் துயரத்தை மறைக்கச் சாத்திய கதவு. தாம் உண்ணாத காரணத்தால் எவரையும் அவர் தாழ்வாகப் பேசவில்லை. பேசும் இடத்திலும் இல்லை. நாம் சாத்தும் கதவுகளோ வேறுவகை. பட்டணத்தில் பால் கலந்த தேநீரைப் பருகிக்கொண்டு, ‘நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம்’ என்கிறோமே, அந்தப் பாலுக்குப் பின்னால் ஒரு கன்று பிறந்தது. பிறக்கும் கன்றுகளிற் பாதி காளை. அந்தக் காளைகள் எங்கே போயின என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போது நம் மேசையிலும் ஒரு கோப்பை இருக்கின்றது.

தனிமனிதர் செய்யும் இந்தக் கணக்கை அரசுகளும் செய்யும். 2020 செப்டம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுப்பைத் தடைசெய்யக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. 2021 அக்டோபரில், 1893-ஆம் ஆண்டின் மாடறுப்புக் கட்டளைச் சட்டத்தையும் 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்த முன்வந்தது. உயிரிரக்கம் என்றே இதற்குக் காரணம் கூறப்பட்டது. நல்லது. ஆனால் அந்த முடிவோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது: மாட்டிறைச்சி உண்போருக்குத் தேவையானதை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்குவது! இறைச்சி வரலாம், இரத்தம் மட்டும் இங்கே சிந்தக்கூடாது. வேறு நாட்டு மாடு, வேறு நாட்டுக் கத்தி, வேறு நாட்டுக் கை. பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் நடத்திவரும் இறைச்சிக்கடைகள் மூடப்பட்டால், உண்பவர் உண்பார். உழைத்தவர் பிழைப்பை இழப்பார். ஒரு நாடே லயத்து அயலானைப் போல் நடந்துகொள்ள எண்ணியதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

நம் தோழர்களிடையே வேறொரு தவறு உண்டு. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. மாட்டிறைச்சி உண்பதையே முற்போக்கின் பரீட்சையாக வைக்கும் பழக்கம். தடையை எதிர்த்து, தாழ்த்தப்பட்டவனின் உணவு தாழ்ந்த உணவல்ல என்று நிலைநாட்ட ஒன்றாக அமர்ந்து உண்பது வேறு; அதிற் பொருளுண்டு. ஆனால் வாழ்நாள் முழுவதும் ஒரு பசுவைப் பெயர் சொல்லி அழைத்த மலையகத் தாயிடம் ‘நீ ஏன் உண்ணவில்லை, இன்னும் பழைமையா?’ என்று கேட்பது அறியாமை. மேலும், உணவகத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இத்தாலியக் குழம்பில் மிதக்கும் ஸ்டேக்கை உண்டுவிட்டு, சாதியை ஒழித்துவிட்டோம் என்று வாய் துடைப்பவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். உண்டதால் யாருக்கு என்ன விடுதலை? குசினிக் கதவுக்கு அப்பால் பாத்திரம் கழுவுகிறவரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

கூலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2021-இல் பெரும் போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயாயிற்று. 2024 செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டில் ஒரு கிலோ மாட்டிறைச்சியின் விலை அந்த ஒருநாட் கூலியைத் தாண்டியிருந்தது. ஆகவே உண்பதா மறுப்பதா என்ற தத்துவ விசாரம் லயத்து வாசலில் பெரும்பாலும் எழுவதேயில்லை. துறப்பதற்கும் முதலில் ஒன்று கையில் இருக்கவேண்டும். ரொட்டியும் சம்பலும் உண்பவனை மரக்கறி விரதன் என்று புகழ்வது, வெறுங்காலோடு நடப்பவனை எளிமையின் சின்னம் என்று போற்றுவதைப் போன்றது.

பங்களாக்களுக்கும் காலம் மாறிவிட்டது. 1992-இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. 2005 முதல் பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்துப் பழைய துரைமார் பங்களாக்கள் சில சுற்றுலாப் பயணிகளுக்கான உயர்தர விடுதிகளாகிவிட்டன. குசினியில் இப்போது பயிற்சி பெற்ற சமையற்கலைஞர்கள். இதே தீவிலிருந்து, நீர்கொழும்பு, வென்னப்புவ போன்ற கரையோர ஊர்களிலிருந்து, ஆயிரக்கணக்கானோர் இத்தாலிக்குச் சென்று மிலானிலும் நேப்பிள்ஸிலும் வீட்டு வேலை செய்கின்றனர். அந்த உணவு பிறந்த நகரத்திலேயே ஏதோ ஓர் அடுக்குமாடிக் குசினியில் நம் தீவின் பெண்ணொருத்தி இன்று மாலை தக்காளியைப் பிசைந்துகொண்டிருக்கலாம். அவள் உண்பாளா, உண்ணமாட்டாளா என்பது அவள் விருப்பம். உண்ண அழைக்கப்படுவாளா என்பது மேசைக்காரர்களின் விருப்பம். அவ்விருப்பம் மலையிற் போலவே கடலுக்கு அப்பாலும் செல்லுபடியாகின்றது.

நாம் முதியவரிடமிருந்து விடைபெற எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மருமகள் உள்ளே அடுப்படியில் இருந்தார். கோடியில் ஒழுகும் தண்ணீருக்குப் பாத்திரம் வைத்துவிட்டு வந்த முதியவர், நாம் மீண்டும் கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“உப்பு நான்தான் ஐயா பாப்பேன். அப்பு சொல்லிக் குடுத்தது அது. கரண்டியால உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாக்கணும். பொறவு வாயக் கொப்புளிச்சிட்டு வீட்டுக்கு வருவேன். இருபது வருஷம். அவகிட்டச் சொன்னதில்ல, கடைசி வரைக்கும்.”

எப்படி இருந்தது என்று கேட்டோம்.

அவர் உட்புறத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருந்திச்சு” என்றார்.